ஓலைக்குள் ரம்மி

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் ஹாலில் பாய் விரியும். அப்பா, சித்தப்பா, எதிர்வீட்டுக் கன்னடக்காரர், நான் என்று நான்கு பேர் உட்காருவோம். ஆட்டம் ரம்மி. காசு கிடையாது, பாயிண்ட் மட்டும்தான். நான்காவது இடம் உண்மையில் என் அண்ணனுக்காக ஏற்பட்டது. அவனுக்குச் சீட்டைக் கையில் எடுத்தாலே கொட்டாவி வரும். ஒருநாள் பாதி ஆட்டத்தில் கிரிக்கெட் மட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டான். அவன் போட்டுவிட்டுப் போன சீட்டுகளை நான் எடுத்தேன், அடுக்கினேன், கொஞ்ச நேரத்தில் ஷோ காட்டி ஜெயித்தேன். சித்தப்பா என் சீட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுச் சரிபார்த்துவிட்டு, "யாருடா இவளுக்குச் சொல்லிக்குடுத்தது?" என்றார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கண் எதற்கு இருக்கிறது? அன்றிலிருந்து அந்த இடம் என்னுடையதாயிற்று.

ஒக்கலிபுரத்தில் தண்டவாளத்தை ஒட்டிய சந்தில் எங்கள் வீடு. ஒரு ஹால், ஒரு சமையலறை, அவ்வளவுதான். அப்பா ஸ்டேஷனில் பார்சல் பிரிவில் வேலை பார்த்தார். சித்தப்பா ஈஜிபுராவில் இருந்தார், ஆட்டோ ஓட்டினார். எதிர்வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர், தமிழில் கேட்டால் கன்னடத்தில் பதில் சொல்வார், நாங்களும் அப்படியே. மற்ற நாட்களில் நான் தண்ணீர் கொண்டுவருகிறவள், கதவைச் சாத்துகிறவள், துணி எடுத்து மடிக்கிறவள். பாயில் உட்கார்ந்தால் மட்டும் கதை வேறு. அப்பா தன் சீட்டுக்கு மேலே கண்ணை உயர்த்தி, "இவ கம்முனு இருக்கா பாரு, ஜோக்கரை வெச்சுக்கினு நடிக்கிறா" என்று என்னைச் சந்தேகப்படுவார். பெரியவர்கள் நம்மைக் கொஞ்சுவது சுலபம், சந்தேகப்படுவதுதான் மரியாதை. அந்த மரியாதைக்காக வாரம் முழுக்கக் காத்திருப்பேன். அதை இழந்துவிடக்கூடும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

எட்டாம் வகுப்பு முழுப் பரீட்சை முடிந்த கையோடு நான் வயதுக்கு வந்தேன். திருப்பத்தூரிலிருந்து அத்தை பெட்டியோடு வந்து இறங்கினாள். அப்பாவுக்கு அக்கா. சடங்கு என்று ஒன்று எங்கே நடந்தாலும் அதற்கு அவள்தான் ஜட்ஜ். அம்மாவின் தம்பி, என் தாய்மாமா, தென்னை ஓலை கொண்டுவந்து, ஹாலிலேயே பீரோவுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் குடிசை கட்டினார். வேறு இடம் ஏது? தனித் தட்டு, தனி டம்ளர், தனிப் பாய். யாரையும் தொடக்கூடாது. ஆண்கள் என் முகத்தைப் பார்க்கக்கூடாது, நான் அவர்கள் முகத்தைப் பார்க்கக்கூடாது. தண்ணீர் ஊற்றி வீட்டுக்குள் அழைக்கும்வரை அப்படித்தான் என்று அத்தை தீர்ப்புச் சொன்னாள். நான் ஏற்கெனவே வீட்டுக்குள்தானே இருக்கிறேன் என்று கேட்டேன். "வாய்" என்றாள் அத்தை, அந்த ஒரு சொல்லோடு விசாரணை முடிந்தது.

முதல் ஞாயிற்றுக்கிழமை என் குடிசைக்கு முன்னாலேயே பாய் விரித்தார்கள். மூன்று பேர். ஓலை இடுக்கில் சித்தப்பாவின் கையும் அதிலிருந்த சீட்டுகளும் எனக்கு அப்பட்டமாகத் தெரிந்தன. மனிதர் ஆட்டின் சீட்டில் ஏழையும் ஒன்பதையும் கையில் வைத்துக்கொண்டு எட்டைத் தூக்கிக் கீழே போட்டார். பொறுக்க முடியவில்லை. "சித்தப்பா, என்ன பண்றீங்க, அது ரம்மி சேர்ற சீட்டு" என்றேன். எதிர்வீட்டுக்காரர்தான் முதலில் சிரித்தார். "ஆடலி பிடி ஸ்வாமி" என்றார். ஆடட்டும், விடுங்கள் என்று அர்த்தம்.

அத்தை சமையலறையிலிருந்து வந்தாள். சீட்டு காகிதம், காகிதம் துணி மாதிரி, இவள் கை பட்டால் சீட்டுக்கட்டையே தூக்கி எறியவேண்டும் என்று சொல்லிவிட்டாள். அப்போது அண்ணன், அவன் வாழ்க்கையில் எனக்காகச் செய்த நல்ல காரியங்களில் முதன்மையானதைச் செய்தான். "அப்ப டிவி கேம்ல ஆடட்டுமா அத்தை? அதுலயும் சீட்டு இருக்கு."

அந்த டிவி கேம் அவன் மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டு பக்கம் தரைக்கடையில் வாங்கியது. கருப்புப் பெட்டி, இரண்டு ரிமோட், ஒரு மஞ்சள் கேசட். நூற்றுக்கணக்கில் ஆட்டம் இருப்பதாகக் கேசட்டின் மேல் போட்டிருக்கும். எண்ணிப் பார்த்தால் ஒரே பத்துப் பன்னிரண்டு ஆட்டம், பெயரை மாற்றி மாற்றி வந்துகொண்டிருக்கும். கடைசியில், சுடவோ தாவவோ ஆள் இல்லாமல் ஒரு சீட்டாட்டம் கிடந்தது. எழுத்தெல்லாம் ஜப்பானோ சீனமோ. ஆனால் பச்சைத் திரையில் ஆட்டினும் கிளாவரும் எந்த ஊரிலும் அதேதான். ஆளுக்கு ஏழு சீட்டு, வரிசை சேர்த்துக் கீழே இறக்கவேண்டும், நம் ரம்மிக்கு ஒன்றுவிட்ட தங்கை. அண்ணன் அதைத் திறந்ததே இல்லை.

அத்தை ரிமோட்டின் ஒயரை விரல் படாமல் குனிந்து பார்த்தாள்.

"இது வழியா தீட்டு போவாதா? உள்ள இன்னாடா இருக்குது?"

"செம்புக் கம்பி அத்தை."

"செம்பா? செம்புல தீட்டு நிக்காது. புளி போட்டுத் தேச்சா முடிஞ்சுது. மேல?"

"பிளாஸ்டிக்."

"பிளாஸ்டிக் கொடம் மாதிரிதானே. தண்ணி ஊத்திக் கழுவிக்கலாம்."

கழுவினால் ரிமோட் செத்துப்போகும் என்று அண்ணன் சொல்ல வாயெடுத்தான். நான் ஓலைக்குள்ளிருந்து இருமினேன். நல்லவேளை, புரிந்துகொண்டான்.

ரிமோட் ஓலைக்குக் கீழே நுழைந்து என் மடிக்கு வந்தது. அந்த ஆட்டத்தில் ஒரு சிக்கல் உண்டு. இரண்டு பேர் ஆடினாலும் டிவி ஒன்றுதானே. என் சீட்டை எதிராளியும் பார்த்துவிடுவார் இல்லையா? அதற்கு ஆட்டத்தைச் செய்தவன் ஒரு வழி வைத்திருந்தான். ஒருவர் ஆடி முடித்ததும் சீட்டெல்லாம் குப்புறக் கவிழ்ந்துவிடும். திரையில் ஒரு பூனை வந்து இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொள்ளும். இப்போது ஆடியவர் திரும்பிக்கொள்ளவேண்டும், அடுத்தவர் பட்டனை அழுத்தினால் அவருடைய சீட்டு மட்டும் திறக்கும். அண்ணன் இதை விளக்கியதும் அத்தையின் முகம் மலர்ந்துவிட்டது. இவள் ஆடும்போது ஆண்கள் முதுகைக் காட்டவேண்டும், ஆண்கள் ஆடும்போது இவள் சுவரைப் பார்க்கவேண்டும். "முறை தெரிஞ்சவன் பண்ணியிருக்கான்" என்றாள். எந்த ஊர்க்காரனோ அவன், என் அத்தையிடம் நல்ல பெயர் வாங்கிவிட்டான்.

சித்தப்பாதான் முதலில் உட்கார்ந்தார். என் முறை வரும்போதெல்லாம் அவர் திரும்பிக்கொள்ள, அவருடைய காக்கிச் சட்டையின் முதுகைப் பார்த்துக்கொண்டே ஆடினேன். தோற்றார். மெஷின் ஏமாற்றுகிறது என்றார், மறுபடி தோற்றார். எதிர்வீட்டுக்காரர் தோற்றுவிட்டு ஓலையைப் பார்த்துக் கும்பிட்டார். அப்பாவுக்கு எந்தப் பட்டன் எதற்கு என்று கடைசிவரை பிடிபடவில்லை, ஆனாலும் மூன்று பேரிலும் அதிக நேரம் தாக்குப்பிடித்தவர் அவர்தான். முகத்தைக் காட்டக்கூடாது என்று மூலையில் உட்காரவைத்தார்கள். அந்த மூலையிலிருந்தே மூன்று ஆண்களையும் வரிசையாகச் சுருட்டினேன். எனக்கு அன்று இருந்த திமிருக்கு அளவே இல்லை.

மற்ற நாட்களில் வீடு காலியாகிவிடும். அண்ணன் டியூஷனுக்கு, அப்பா டியூட்டிக்கு. அத்தை சாப்பிட்டதும் குறட்டை விடுவாள். அம்மா எல்லோரும் சாப்பிட்ட பிறகு சாப்பிட்டு, கீரைக் கட்டோடு என் ஓலைக்கு வெளியே வந்து உட்காருவாள். நான் டிவியோடு தனியாக ஆடிக்கொண்டிருப்பேன். அம்மா கீரையை ஆய்ந்தபடி திரையைப் பார்ப்பாள். எங்கள் ஹாலில் அத்தனை வருடம் சீட்டு நடந்தும், டீ கொண்டுவந்து வைப்பதற்குமேல் அவள் அந்தப் பாயின் பக்கம் வந்ததில்லை. ஒருநாள், "மீசை வெச்சவன் பெரியவனா, அந்தப் பொம்பள பெரியவளா?" என்று கேட்டாள். ராஜாதான் பெரியவன், ராணி அடுத்தது என்றேன். "அங்கயும் அப்பிடித்தானா" என்றாள். பிறகு கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு இரண்டாவது ரிமோட்டை எடுத்தாள்.

பூனை கண்ணைப் பொத்தியதும் அம்மா உடம்போடு திரும்பி, சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்து உட்காருவாள். ஓரக்கண்ணால்கூடப் பார்க்கமாட்டாள். நாங்கள் இரண்டே பேர்தான், பார்த்தால் என்ன போயிற்று என்று சொன்னேன். "ஆட்டம்னா ஆட்டம்" என்றாள். முதல் சில நாட்கள் வரிசையாகத் தோற்றாள். ஒரு மதியம் நான் ஒரே ஒரு சீட்டுக்காகக் காத்திருந்தபோது அம்மா ஏழு சீட்டையும் ஒரேயடியாக இறக்கி முடித்துவிட்டாள். கீரைக் கட்டு அப்படியே கிடந்தது. அவள் முகத்தில் அன்று இருந்த மாதிரி ஒரு முகத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. ஜெயித்த முகம். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, கூடவே கோபமாகவும் இருந்தது. பாய்க்கும் சமையலறைக்கும் நடுவே எத்தனை அடி இருக்கும்? இவ்வளவு ஆசையை இவள் இத்தனை காலம் எங்கே வைத்திருந்தாள்? அதை யாருமே ஏன் கேட்கவில்லை? நானும் அந்தப் பாயில் உட்கார்ந்து அவள் கொண்டுவந்த டீயைத்தானே குடித்துக்கொண்டிருந்தேன்.

சடங்கு நடந்தது. தண்ணீர் ஊற்றினார்கள், பட்டுப்பாவாடை கட்டினார்கள், மண்டபத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்துப் படம் எடுத்தார்கள். ஓலையைப் பிரித்துக் கொண்டுபோய் எரித்தார்கள். அத்தை, எல்லாம் முறைப்படி முடிந்த நிம்மதியோடு ரயில் ஏறினாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாய் விரிந்தது, நான் போய் என் இடத்தில் உட்கார்ந்தேன். அப்பா சீட்டைக் கலைத்தார். மூன்று பேருக்குப் போட்டார்.

"எனக்குப்பா" என்றேன்.

அப்பா தன் சீட்டை அடுக்கத் தொடங்கினார். சித்தப்பாதான் பேசினார். "பெரிய மனுஷி ஆயிட்டம்மா. ஆம்பளைங்களோட சரிக்குச் சரியா உக்காந்து சீட்டாடுனா பாக்கறவங்க இன்னா சொல்லுவாங்க? போ, போயி டிவி கேம் ஆடு."

"ஓலைக்குள்ள இருந்தப்ப உங்களோடதானே ஆடுனேன்."

"அது பொம்மை. அதுல ஆடு, யார் வேணான்னாங்க?"

யோசித்துப் பாருங்கள். தீட்டோடு இருந்தபோது ஆடலாம், தீட்டு கழிந்து சுத்தமானதும் ஆடக்கூடாது. இந்தக் கணக்கு அன்றும் எனக்குப் புரியவில்லை, இன்றும் புரியவில்லை. புரிந்துகொள்ளும் உத்தேசமும் இல்லை.

நான் எழுந்திருக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையும், அதற்கடுத்ததும், அதற்கடுத்ததும் போய் என் இடத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தேன். என்னைச் சுற்றிச் சீட்டு போனது. அப்பா சீட்டைப் போடும்போது என் முழங்காலுக்கு மேலாகக் கை நீட்டிப் போடவேண்டியிருந்தது. அழவில்லை, சண்டை போடவில்லை. நான்காவது இடம் காலியாக இருக்கிறது என்று யாரும் சொல்லிவிடக்கூடாது என்பதில் மட்டும் குறியாக இருந்தேன். எதிர்வீட்டுக்காரர் என்னைப் பார்ப்பதைத் தவிர்த்துக் கூரையைப் பார்ப்பார். அவருக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் வீடு அவருடையதில்லை.

அப்பா சமாதானத்துக்கு வந்தார். சம்பளம் வாங்கிய மாலை ஒரு புதுக் கேசட்டோடு வந்தார். சீட்டாட்டமே ஆறேழு வகை அதில் இருந்ததாம், கடைக்காரனிடம் கேட்டுப் பார்த்து வாங்கினாராம். பட்டன் தெரியாத என் அப்பா எனக்காகத் தரைக்கடையில் குந்தி உட்கார்ந்து கேசட் தேடியிருக்கிறார். அந்தப் பாசம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் அதைப் பிரிக்காமல் டிவி மேலேயே வைத்துவிட்டேன். டிவியோடு ஆடுவதில் என்ன இருக்கிறது? அது யோசிக்கிற மாதிரி நடிக்கும், கைக்கு வந்த ரம்மியைத் தானே கலைத்துப் போடும். தோற்றால் அதற்கு எரிச்சல் வராது. எனக்கு வேண்டியது சீட்டு இல்லை. தோற்றால் எரிச்சல்படுகிற மூன்று பேர்.

"எதுக்கும்மா இந்தப் பிடிவாதம்?" என்று அப்பா கேட்டார்.

"என் இடம்பா அது" என்றேன்.

அம்மா சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை அப்பா சீட்டைக் கலைத்துக்கொண்டிருந்தபோது அம்மா வந்தாள். டீ இல்லாமல் வந்தாள். என்னைக் கொஞ்சம் தள்ளிக்கொள்ளச் சொல்லிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அஞ்சு பேருக்குப் போடுங்க" என்றாள்.

சித்தப்பா சிரித்தார். "அண்ணி, ஆட்டின் எது, டைமன் எதுன்னு தெரியுமா உங்களுக்கு?"

"போட்டுப் பாருங்க தம்பி."

வேடிக்கை பார்க்கலாம் என்று நினைத்தாரோ என்னவோ, அப்பா ஐந்து பேருக்கும் போட்டார். இத்தனை வாரம் கழித்து என் முன்னால் சீட்டு விழுந்தது. ஆனால் எல்லோரும் அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மா அதுவரை ஒரு நிஜச் சீட்டைத் தொட்டதில்லை. விசிறி மாதிரி விரித்துப் பிடிக்கவேண்டும் என்று அவளுக்குத் தெரியாது. நானும் அதைச் சொல்லித்தரவில்லை, ரிமோட்டில் அதற்கு ஏது வேலை? தன் முறை வந்ததும் அம்மா பதின்மூன்று சீட்டையும் பாயின் மேல், எல்லோர் கண்ணெதிரே, வரிசையாகத் திறந்து வைத்தாள்.

சித்தப்பா தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். அப்பாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. என் காது சூடாகிவிட்டது. அம்மாவின் கையைப் பிடிக்கப் போனேன், அவள் தட்டிவிட்டாள்.

"சிரிச்சு முடிச்சாச்சா?" என்று கேட்டாள். "இது என் ஆட்டம். எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பி உக்காருங்க."

எதிர்வீட்டுக்காரர் மறுபேச்சில்லாமல் திரும்பினார். நான் திரும்பினேன். அப்பா ஒரு கணம் அம்மாவைப் பார்த்தார், பிறகு அவரும் முகத்தைக் காலண்டர் பக்கம் திருப்பி உட்கார்ந்தார். சித்தப்பா மட்டும் திரும்பவில்லை.

"பொம்பளைங்க சீட்டாட, ஆம்பளைங்க முதுகு காட்டிக்கினு உக்காரணுமா? இன்னா அண்ணா இது?"

"அன்னைக்கு ஓலைக்கு முன்னால காட்டுனீங்களே சித்தப்பா" என்றேன்.

"நீ வாயை மூடு." சீட்டைப் பாயில் வீசினார். எழுந்து நின்றார். "அண்ணா, இந்தப் பாயில ஒண்ணு இவங்க இருக்கணும், இல்ல நான் இருக்கணும். நீயே சொல்லு."

அப்பா சொல்லவேண்டியிருந்தது. என் தம்பி என் தம்பி என்று உருகுகிற மனிதர். எனக்கு அவருடைய முதுகும் பின்னங்கழுத்தும்தான் தெரிந்தன. இன்றோடு போயிற்று என்றே நினைத்தேன். எழுந்து போகச் சொன்னால் போகமாட்டேன் என்றும் நினைத்தேன், பாயோடு சேர்த்துத்தான் என்னைத் தூக்கவேண்டியிருக்கும்.

அப்பா திரும்பவில்லை. காலண்டரைப் பார்த்தபடியே சொன்னார்.

"அவ இன்னும் ஆடி முடிக்கலடா."

சித்தப்பா செருப்பை மாட்டிக்கொண்டு போனார். வெளியே ஆட்டோ இரண்டுமுறை இருமிவிட்டுக் கிளம்பியது. சீட்டாடும் பெண்களின் வீடு என்று பிறகு சொந்தக்காரர்கள் நடுவே எங்களுக்கு ஒரு பெயர் வந்தது. என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தவர்களில் சிலர் அதைக் கேள்விப்பட்டு வராமல் நின்றார்கள். நின்றவர்கள் நிற்கட்டும். சொந்தக்காரர்கள் நடந்ததைத்தானே சொன்னார்கள்.

அம்மா நிதானமாக ஒரு சீட்டை எடுத்தாள், ஒன்றைக் கீழே போட்டாள். பிறகு டிவி செய்வது போலவே ஒவ்வொரு சீட்டாகக் குப்புறக் கவிழ்த்துவிட்டு, "ம், ஆச்சு" என்றாள். நாங்கள் திரும்பினோம். மற்ற மூன்று பேரும் சீட்டைக் கையில் பிடித்து ஆடினோம், அம்மாவின் முறை வரும்போதெல்லாம் மூன்று பேரும் திரும்பி உட்கார்ந்தோம். ஒரு ஆட்டம் முடிய வழக்கத்தைவிட இரண்டு பங்கு நேரம் பிடித்தது. எதிர்வீட்டுக்காரர் ஒருமுறைகூட முனகவில்லை. அப்பா ஒருமுறை முனகினார், அம்மா முறைத்ததும் நிறுத்திக்கொண்டார்.

கடைசியில் அம்மா கீழே போட்ட ஒரு கிளாவர் பத்து, நான் காத்திருந்த சீட்டு. அவளுக்கு இது முதல் ஆட்டம், விட்டுக்கொடுக்கலாமே என்று ஒரு நினைப்பு வந்தது. அவள் காலண்டரைப் பார்த்து உட்கார்ந்ததையெல்லாம் நினைத்துக்கொண்டேன். சீட்டை எடுத்தேன், ஷோ காட்டினேன். அப்பாவுக்கு ஃபுல் கவுண்ட், தோல்விப் பாயிண்ட் அத்தனையும் தலையில். எதிர்வீட்டுக்காரருக்கும் ஃபுல். அம்மாவுக்கும்தான்.

அம்மா என் சீட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுச் சரிபார்த்தாள். பிறகு எல்லாவற்றையும் வாரிச் சேர்த்து அப்பாவின் முன்னால் வைத்தாள்.

"மறுபடி போடுங்க" என்றாள்.